தோற்கப் போகிறவனும் எழுந்து போக வேண்டும்: வாட்டர்லூவின் ஈஸ்டும் வெஸ்டும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்று ஓர் ஊர். அங்கே ஈஸ்ட் ஹை, வெஸ்ட் ஹை என்று இரண்டு அரசுப் பள்ளிகள். இரண்டுக்கும் மல்யுத்தத்தில் தலைமுறை தலைமுறையாகப் போட்டி. பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஓர் ஊரே ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறது, அந்தப் பிள்ளைகளின் தைரியத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெறும் புகழ்ச்சிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புகழ்ச்சி இல்லை. ஆனால் தைரியம் என்றதும் ஜெயித்தவன் முகம்தான் உங்கள் மனதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஊரிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் இருக்கிறார், அவரிடம் பிறகு வருவோம். நான் தோற்றவனிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஆட்டத்தின் சூட்சுமம் அவனிடம்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. இரண்டு பள்ளிகள் நேருக்கு நேர் மோதும் மாலையை அங்கே ‘டூயல்’ என்பார்கள். எடைவாரியாக 14 சண்டைகள். நூறு பவுண்டைக் கொஞ்சம் தாண்டிய பொடியனில் ஆரம்பித்து, 285 பவுண்டு, அதாவது 129 கிலோ வரைக்கும் ஆள் வேண்டும். நம்மூர் கபடிக்கும் இப்போது விரிக்கிறார்களே, அந்த மாதிரி மேட். அதன் நடுவில் ஒரு வட்டம். இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று சுற்று. எதிராளியின் இரு தோள்பட்டைகளையும் 2 விநாடி மேட்டோடு அழுத்திப் பிடித்துவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது. அதற்குப் பெயர் ‘பின்’. பின் செய்தவன் தன் பள்ளிக்கு 6 பாயின்ட் கொண்டுவருகிறான். பின் இல்லாமல், சண்டைக்குள் பிடிகளுக்கு விழும் பாயின்ட்டில் 15 முன்னால் போய்விட்டாலும் நடுவர் நிறுத்திவிடுவார், அதற்குப் பள்ளிக்கு 5. எட்டிலிருந்து பதினான்கு வரை வித்தியாசத்தில் ஜெயித்தால் 4. அதற்கும் குறைவென்றால் 3.

இப்போது போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளி 14-ல் 8 சண்டை ஜெயிக்கிறது, எல்லாமே சிறிய வித்தியாசத்தில். எட்டு மூன்று 24. எதிர்ப்பள்ளி 6 சண்டைதான் ஜெயித்தது, ஆனால் அதில் 4 பின். நாலு ஆறு 24, மீதி இரண்டுக்கு 6, மொத்தம் 30. குறைவாக ஜெயித்த பள்ளி டூயலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பின் ஆன அந்த நான்கு பேரில் இரண்டு பேர் முதுகைக் கொடுக்காமல் ஆறு நிமிடம் தாக்குப்பிடித்துச் சின்ன வித்தியாசத்தில் தோற்றிருந்தால் 24-க்கு 24. மூன்று பேர் தாக்குப்பிடித்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

‘குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை’ என்று நாம் கேலியாகச் சொல்வோம். அங்கே அதற்கு மூன்று பாயின்ட் மதிப்பு உண்டு.

இதைப் பயிற்சியாளர்கள் நன்றாகவே பயன்படுத்துவார்கள். எந்த எடையில் ஆட்டம் தொடங்குவது என்பது குலுக்கலில் வரும். எந்தெந்தச் சண்டைக்கு எந்தப் பள்ளி முதலில் ஆளை அனுப்ப வேண்டும் என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானிப்பார்கள். ஒரு பையன் தன் எடைக்கு அடுத்த மேல் எடையில் இறங்கலாம். ஆகவே எதிர்ப்பள்ளியில் ஒரு மாநிலச் சாம்பியன் இருந்தால், நம்முடைய நல்ல ஆட்டக்காரனை அவன் முன்னால் நிறுத்தி வீணாக்காமல் ஒரு எடை மேலே நகர்த்திவிட்டு, சாம்பியன் முன்னால் வேறு ஒருவனை அனுப்புவார் கோச். அந்த வேறு ஒருவனுக்குத் தெரியும். கோச்சுக்கும், எதிராளிக்கும், மாடியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். அவன் வேலை ஜெயிப்பதல்ல, பின் ஆகாமல் திரும்பி வருவது.

அயோவாவில் சில குளிர்காலங்கள் இருந்திருக்கிறேன், அப்படி ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பள்ளி என்று சொல்ல வேண்டாம். ஜனவரி மாதத்து வியாழக்கிழமை, வெளியே பனி, ஜிம்முக்குள் ஈர ஜாக்கெட் வாசமும் பாப்கார்ன் வாசமும். அவன் முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான். முதல் இருபது விநாடியிலேயே கீழே. அதற்கப்புறம் ஐந்தரை நிமிடம் அவன் பார்த்ததெல்லாம் மேட்டின் ரப்பரைத்தான். மேலே இருந்தவன் ஒரு கையைக் கழுத்துக்கும் இன்னொன்றை முழங்காலுக்கும் கொடுத்து மடக்குகிறான், இவன் இடுப்பைத் திருப்பித் தப்புகிறான். தோள் ஒன்று தரையில், இன்னொன்று நாலு விரல் உயரத்தில். நடுவர் படுத்துக்கொண்டு அந்த இடைவெளியைக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்க்கிறார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கடைசி மணி அடித்தபோது பதினொன்றுக்கு இரண்டோ என்னவோ தோல்வி. ஆனால் பின் இல்லை. அவன் டீம் ஆட்கள் அவனைத் தூக்காத குறை. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எதிர்ப்பள்ளிச் சட்டை போட்டவர், எழுந்து கை தட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த விளையாட்டு பிடிபட்டது.

கால்பந்தில் பதினொரு பேரில் ஒருவன் ஒளிந்துகொள்ளலாம். இங்கே முடியாது. எதிராளி உன் எடைதான், அதனால் சாக்குச் சொல்ல வழியில்லை. உடம்போடு ஒட்டிய பனியன் ஒன்றுதான் உடை. தோற்றால் ஊர் முன்னால் மல்லாக்கக் கிடப்பாய், உன்னைக் கிடத்தியவன் அடுத்த சனிக்கிழமை உன் அப்பா வேலை பார்க்கும் கடையில் பால் வாங்க வருவான். ஒரே ஊருக்குள் இரண்டு பள்ளி மோதுவதில் உள்ள விசேஷக் கொடுமை இது. வெளியூர்க்காரனிடம் தோற்றால் அவன் பஸ் ஏறிப் போய்விடுவான்.

இனி ஊர். வாட்டர்லூவில் சுமார் 67 ஆயிரம் பேர். நடுவே சீடார் ஆறு ஓடி ஊரை இரண்டாக வகிர்கிறது. ஈஸ்ட் பள்ளி ஒரு கரைக்கு, வெஸ்ட் இன்னொரு கரைக்கு. ஊர் வளர்ந்தது தொழிற்சாலைகளால்: 1918-ல் இங்கிருந்த ஓர் எஞ்சின் கம்பெனியை வாங்கி ஜான் டியர் டிராக்டர் செய்யத் தொடங்கியது, கிழக்குக் கரையில் ராத் என்ற பெரிய இறைச்சி ஆலை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒரே கப்பலில் ஐந்து பிள்ளைகளையும் இழந்த சல்லிவன் குடும்பம் இந்த ஊர்தான்.

ஆற்றுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, அதை விட்டுவிட்டு இந்தப் போட்டியைப் பேசினால் பாதிக் கதைதான். 1911-ல் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேயில் வேலைநிறுத்தம். அதை முறிக்க மிசிசிப்பியிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை ரயிலில் கூட்டிவந்தார்கள். அவர்களைக் கிழக்குக் கரையில், ரயில் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தில்தான் குடியிருக்க விட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படித்தது ஈஸ்டில். மேற்குக் கரை வெகுகாலம் பெரும்பாலும் வெள்ளையர் பகுதி. 1968 செப்டம்பரில் ஈஸ்ட் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஆரம்பித்த தகராறு ஊர்க் கலவரமாக மாறியது. பிறகு, இரு இனப் பிள்ளைகளும் கலந்து படிக்கட்டும் என்று அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆறு தாண்டி அனுப்பும் திட்டம் வந்தது. இன்று அமெரிக்கா முழுக்க அறியப்பட்ட பத்திரிகையாளர் நிகோல் ஹன்னா-ஜோன்ஸ் அப்படிக் கிழக்கிலிருந்து பஸ் ஏறிப் போய் வெஸ்ட் பள்ளியில் படித்தவர்.

ஆகவே ஈஸ்டும் வெஸ்டும் மோதும்போது வெறும் இரண்டு நிறச் சட்டைகள் மோதவில்லை. எந்த ஆலையில் அப்பா வேலை, எந்தத் தெருவில் வீடு வாங்க முடிந்தது, யாரால் வாங்க முடியவில்லை என்பதெல்லாம் அந்த ஜிம்முக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் வட்டத்துக்குள் இறங்கியதும் நடக்கிற விஷயம் வேறு. ஒரே எடையுள்ள இரண்டு பையன்கள், கழுத்தோடு கழுத்து, ஆறு நிமிடம். அந்த ஊரில் இரண்டு கரைக்காரர்கள் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு சமமான விதிகளோடு சந்தித்த இடங்கள் அதிகம் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும். இதைப் பெரிய சமத்துவக் கதையாக்க நான் தயாரில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் பாலத்தைத் தாண்டி அவரவர் கரைக்குத்தான் போனார்கள்.

மல்யுத்தம் ஏன், கூடைப்பந்து ஏன் இல்லை என்று கேட்டால், அயோவாவுக்கு அது குலதெய்வம் மாதிரி. ஹம்போல்ட் என்ற சின்ன ஊரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஃபிராங்க் காட்ச் 1908-ல் ஹாக்கன்ஷ்மிட்டை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். நம்முடைய காமா பயில்வான் 1910-ல் லண்டன் போய் எல்லோரையும் சவாலுக்கு இழுத்த காலத்தில் பட்டம் இந்தக் காட்சிடம்தான் இருந்தது. இருவரும் மோதவே இல்லை என்பது மல்யுத்தப் பைத்தியங்களின் நிரந்தர ஏக்கம். 1920-களிலிருந்து பள்ளிகளுக்கு மாநிலப் போட்டி நடக்கிறது. நீண்ட குளிர்காலம், வயல் வேலை கிடையாது, கைகால் வலுவான பிள்ளைகள். ஆடு களத்துக்கு வேறென்ன வேண்டும்?

வெஸ்ட் பள்ளியைப் பெரிய பெயராக்கியவர் பாப் சிடென்ஸ் என்ற பயிற்சியாளர். 1950-களின் தொடக்கத்திலிருந்து கால் நூற்றாண்டு. 11 மாநிலப் பட்டங்கள். இன்னொரு பக்கம் அவர் கல்லூரிப் போட்டிகளில் பேர் வாங்கிய நடுவர். அவரிடம் 1960-களில் வந்து சேர்ந்த பையன்தான் டான் கேபிள்.

கேபிள் 1948-ல் வாட்டர்லூவில் பிறந்தவர். வெஸ்டுக்காக 1964, 65, 66 மூன்று ஆண்டும் மாநிலச் சாம்பியன். அப்போது மேல்நிலைப் பள்ளி மூன்றே வகுப்பு, ஆகவே அதுதான் உச்சம். முதல் ஆண்டில் அவர் எடைப்பிரிவு 95 பவுண்டு, 43 கிலோ. ஒரு நெல் மூட்டையை விட லேசு. மூன்று ஆண்டில் 64 சண்டை, 64 வெற்றி.

அந்த 64-க்கு நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. முதல் பட்டம் வாங்கிச் சுமார் மூன்று மாதம் ஆன 1964 மே மாதக் கடைசி. கேபிளும் பெற்றோரும் மீன் பிடிக்க மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் போயிருந்தார்கள். அக்கா டயான், வயது 19, வீட்டில் இருந்தாள். அக்கம்பக்கத்து 16 வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்குள் வந்து அவளைக் கொன்றுவிட்டான். சில வாரங்களுக்கு முன் அந்தப் பையன் டயானைப் பற்றித் தன்னிடம் அசிங்கமாக ஏதோ சொன்னதை 15 வயது டான் அன்றைக்குத்தான் அப்பாவிடம் சொன்னான். முன்பே சொல்லியிருந்தால் என்ற முள்ளை அவர் பிறகு வாழ்நாள் முழுக்கச் சுமந்ததாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் அந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்ற நிலை. வீட்டை விற்க வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, அக்காவின் அறைக்கே தன் படுக்கையை மாற்றிக்கொண்டான் டான்.

இதை உத்வேகக் கதையாக எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: துக்கத்தை வெற்றியாக மாற்றினார், அதனால்தான் ஜெயித்தார் என்று. எனக்கு அது சங்கடமாகவே இருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டு பெரியவர்களின் துக்கத்தையும் தன் தோளில் ஏற்றிக்கொண்டான், அதற்குப் பிறகு தோற்பதற்கு அவனுக்கு அனுமதியே இல்லாமல் போனது என்றுதான் நான் வாசிக்கிறேன். அவன் ஜெயிக்கிற ஒவ்வொரு மாலையும் அந்த வீட்டில் பேச ஒரு விஷயம் கிடைத்தது. அதைத் தைரியம் என்று சொல்லலாம். அதில் பாரமும் சேர்ந்தே இருக்கிறது.

பிற்பாடு நடந்தது தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தோல்வியே இல்லாமல் போய், 1970-ல் கடைசிச் சண்டையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றார். பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து அந்த ஒரே தோல்வி. 1971-ல் உலகச் சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோ பிரிவில் தங்கம், ஆறு சண்டையிலும் எதிராளிக்கு ஒரு பாயின்ட் கூடக் கொடுக்காமல். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக 15 தேசியப் பட்டங்கள். வாட்டர்லூ கடைத்தெருப் பக்கம் இன்று அவர் பெயரில் மல்யுத்த அருங்காட்சியகம் இருக்கிறது.

கேபிளோடு நிறுத்திவிட்டால் ஆற்றின் ஒரு கரையை மட்டும் சொன்னவனாவேன். வழக்கமாக எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.

கிழக்குக் கரையில் கேட்சன் குடும்பம். அப்பா வில்லி கேட்சன் நியூயார்க் பக்கத்துக்காரர். 1970-களில் அயோவா ஸ்டேட்டுக்கு மல்யுத்தம் ஆட வந்தவர், தேசிய அளவில் இடம் பிடித்தவர். பிறகு வாட்டர்லூ ஈஸ்டில் பயிற்சியாளர் ஆனார். மகன் கைவன் அதே பள்ளியில் அப்பாவிடமே பயின்று மாநிலச் சாம்பியன் ஆனான். சொந்த அப்பா கோச்சாக இருப்பது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஜிம்மில் வாங்கிய திட்டு சாப்பாட்டு மேஜை வரைக்கும் கூடவே வரும்.

கைவனும் அப்பா ஆடிய அயோவா ஸ்டேட்டுக்கே போனான். வில்லிக்குப் புற்றுநோய். 2013-ல், மகன் கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, இறந்துபோனார். கைவன் ஆட்டத்தை விடவில்லை. 2015 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரில் தேசியக் கல்லூரி இறுதிச் சண்டை, 197 பவுண்டுப் பிரிவு. எதிரே ஒஹையோ ஸ்டேட்டின் கைல் ஸ்னைடர். முதலாண்டு மாணவன், ஆனால் சாதாரணப்பட்டவன் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் உலகச் சாம்பியனும், மறுவருடம் ரியோவில் ஒலிம்பிக் சாம்பியனும் ஆனவன். அவனைத்தான் வாட்டர்லூ ஈஸ்ட் பையன் பின் செய்தான். பாயின்ட் கணக்கில் தப்பிப் பிழைத்த வெற்றி இல்லை. இரண்டு தோளும் தரையில். அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள். நடுவர் கை மேட்டில் அடிக்கும் அந்தக் கணத்துக்காகவே பார்க்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மேற்குக் கரையில் அக்காவை இழந்த ஒருவன், கிழக்குக் கரையில் அப்பாவை இழந்த ஒருவன், நடுவில் ஏறத்தாழ ஐம்பது வருடம். இருவரும் ஊரை விட்டுக் கிளம்பியதும் போட்டுக்கொண்டது ஒரே கல்லூரிச் சட்டை. பள்ளிப் போட்டிகளின் இயல்பே இதுதான். பதினேழு வயதில் உலகத்தின் எல்லை ஆறுதான், அடுத்த வருடம் அதே இரண்டு கரைப் பையன்களும் ஒரே அறையில் எடை குறைக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

எடை குறைப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தைரியம் என்ற பெயரில் இந்த விளையாட்டில் நடந்த முட்டாள்தனங்களும் உண்டு. கீழ் எடையில் ஆடினால் எதிராளி சின்னவனாக இருப்பான் என்ற ஆசையில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு வெந்நீர் ஆவியில் ஓடி, எச்சில் துப்பிக்கூட எடை குறைப்பார்கள். ‘தாங்கிக்கொள்கிறவன்தான் ஆண்பிள்ளை’ என்ற பேச்சு வேறு. 1997 நவம்பர், டிசம்பரில் மூன்று கல்லூரி வீரர்கள் அடுத்தடுத்து அப்படியே செத்தார்கள். அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. பள்ளிகளுக்கும் 2006-07 வாக்கில் கட்டாயமாயிற்று: பருவம் தொடங்கும் முன் சிறுநீர்ச் சோதனை செய்து உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உடல் கொழுப்பு பையன்களுக்கு 7 சதவீதத்துக்கும் பெண்களுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகிற எடையில் ஆட முடியாது. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. பழைய ஆட்டக்காரர்கள் சிலர் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் பஞ்சுமெத்தை’ என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் வாதாடுவதில் பயனில்லை, எழுந்து போய்விடுவேன்.

காது நசுங்கிக் காலிஃபிளவர் மாதிரி ஆவது, மேட்டிலிருந்து தொற்றும் படர்தாமரை, இவையெல்லாம் தனிக் கதை. காதுக்கவசம் கட்டாயம், ஆட்டத்துக்கு முன் தோல் சோதனை கட்டாயம். அவ்வளவு போதும்.

பெண்கள் பக்கம் வருகிறேன். நீங்கள் ‘பையன்கள்’ என்று கேட்காமல் ‘பிள்ளைகள்’ என்று கேட்டது நல்லதாயிற்று. அயோவாவில் வெகுகாலம் பெண்களுக்குத் தனிப் போட்டியே இல்லை. ஆட வேண்டுமென்றால் பையன்களோடுதான் ஆட வேண்டும். 2011 மாநிலப் போட்டியில், வாட்டர்லூவை ஒட்டிய சீடார் ஃபால்ஸ் பள்ளியின் மாணவி ஒருத்தி 112 பவுண்டுப் பிரிவில் தகுதி பெற்று வந்தாள். முதல் சுற்றில் எதிரே நின்றிருக்க வேண்டிய பையன், ஒரு பெண்ணோடு கட்டிப் புரள்வது தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று விலகிக்கொண்டான். பட்டம் வெல்லக்கூடியவன் என்று பேசப்பட்ட ஆட்டக்காரன் அவன். நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்கு நினைவில் நிற்பது, அந்த இரண்டு பிள்ளைகளும் அவர்கள் குடும்பங்களும் மட்டும் ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் இருந்ததுதான். அவன் பருவம் முழுக்க உழைத்ததைக் கைவிட்டான். அவளோ ஆடி ஜெயிக்க வந்தவள், ஆடாமலே ஜெயித்தவள் என்ற பெயரோடு அடுத்த சண்டைக்கு இறங்கினாள், தோற்றாள். இரண்டில் எது கஷ்டம் என்று என்னிடம் கேட்டால் அவளுடையதுதான் என்பேன்.

எட்டு வருடம் கழித்து, 2019 ஜனவரியில், அயோவாவின் பயிற்சியாளர்கள் சங்கம் பெண்களுக்கென்று முதல் மாநிலப் போட்டியை நடத்தியது. எங்கே தெரியுமா? வாட்டர்லூவில்தான். யங் அரீனா என்ற ஐஸ் ஹாக்கி மைதானத்தில் மேட் விரித்து ஆடினார்கள். வந்தது 87 பேர். அடுத்தடுத்த வருடங்களில் நூற்றுக்கணக்காகப் பெருகியது. 2022-23 பருவத்தில் முறைப்படி அங்கீகாரம் கிடைத்து, 2023 பிப்ரவரியில் கோரல்வில் நகரில் முதல் அதிகாரப்பூர்வ மாநிலப் போட்டி நடந்தது. இப்போது ஒரு சிறுமி மல்யுத்தம் வேண்டுமென்றால் பையன்களின் வரிசையில் தனியாக நிற்க வேண்டியதில்லை.

நேரில் பார்க்க வழி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு. ஒவ்வொரு டிசம்பரிலும் அதே யங் அரீனாவில் பல பள்ளிகள் கூடி டூயல் டூயலாக மோதும் ஒரு பெரிய போட்டி நடக்கும். பெயர் ‘பேட்டில் ஆஃப் வாட்டர்லூ’, நெப்போலியன் தோற்ற போரின் பெயரேதான். இந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை விடுவார்களா. ஐஸ் அரங்கம் என்பதால் உள்ளேயும் குளிரும், ஸ்வெட்டரோடு போங்கள். நடு மேட்டுக்கு எதிரே உயரமான இருக்கை வேண்டாம். ஓரமாக, பெஞ்சுக்குப் பின்னால் கீழ் வரிசையில் உட்காருங்கள். எதிர்ப்பள்ளியின் சாம்பியன் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது இந்தப் பெஞ்சிலிருந்து யார் கண்ணாடியைக் கழற்றுகிறான் என்று பாருங்கள்.